மாடு மிதந்த சனிக்கிழமை

லூசில் என்கிற பசு வழுக்கி விழுந்த நேரத்தில் தெல்ஃபீன் கோட்டா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று ரோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேசினாள் என்றால் கொஞ்சநஞ்சப் பேச்சா அது. மார்ச் மாதத்து முதல் செவ்வாய் வந்துவிட்டால் அந்த மலையூரில் யார் வீட்டிலும் மத்தியானச் சமையல் கிடையாது. எல்லோரும் ஊர்க்கூடத்து மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, பீன்ஸும் ரொட்டியும் ஆப்பிள் பை என்கிற இனிப்பும் தின்றபடி, ஊர் எதை வாங்கலாம் எதை வாங்கக்கூடாது என்று கை தூக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த வருஷம் தகராறு மண்ரோட்டைச் சமன் செய்கிற வண்டியைப் பற்றி. ரோட்டுப் பொறுப்பில் இருந்த வெண்டல் ஹேசன், பழைய வண்டியே இன்னும் நாலு வருஷம் இழுக்கும் என்றார். தெல்ஃபீன் விடவில்லை. இவர் ரோடு பார்க்கிற லட்சணத்துக்கு நான் வாசலில் படகுதான் வாங்கி நிறுத்தணும் என்றாள். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் பேசினாள். கை தூக்கி எண்ணும்வரை இருந்துவிட்டே போகலாம் என்று ஆப்பிள் பையில் இரண்டாவது துண்டும் வாங்கிக்கொண்டாள்.

காலையில் அவள் புருஷன் நார்ம், பால் கறக்கும் மெஷினுக்கு ரப்பர் வாங்க டவுனுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். லூசிலுக்கு மடி இறங்கிவிட்டது, இன்றைக்கே ஈன்றுவிடுவாள் போலிருக்கிறது, மத்தியானத்துக்குள் வந்துவிடு என்று. அவளும் சரி சரி என்றாள். சரி சரி என்று இரண்டு தடவை சொன்னால் காதில் ஏறவில்லை என்று அர்த்தம். அது நார்முக்கும் தெரியும்.

அவள் வீடு திரும்பியபோது கன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஈரக் கன்று, கிடாரி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கசிந்து உறைந்த பனிக்கட்டியின் மேல் லூசில் பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கமாக விரிந்து, வயிறு தரையில் பட, தவளை மாதிரி கிடந்தாள். கிடந்தபடியே கழுத்தை எட்டி எட்டிக் கன்றை நக்கினாள்.  தொழுவத்துக் கதவைத் தாழ் போடாமல் போனதும் தெல்ஃபீன்தான், நேரத்துக்கு வராததும் அவள்தான். வேறு யாரையும் கைகாட்ட வழியில்லை.

நார்ம் வந்தான். பார்த்தான். வைக்கோலை அள்ளிப் போட்டான். டிராக்டரைக் கொண்டு வந்து, கனத்த ரப்பர்ப் பாயில் உருட்டி, அவளை உள்ளே இழுத்துப் போட்டான். ஏன் லேட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தெல்ஃபீனுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பாள்.

மாட்டு டாக்டரம்மா வந்து எலும்பைத் தட்டிப் பார்த்தார். முறிவு இல்லை, சதையும் நரம்பும் நசுங்கியிருக்கிறது, ஒரே பக்கமாகக் கிடந்தால் அந்தக் கால் செத்துவிடும், அடிக்கடி புரட்டிப் போடுங்கள் என்றார். ஜெர்சிப் பசு சின்ன மாடுதான். ஆனாலும் சின்ன மாட்டைப் புரட்டவும் இரண்டு பேர் போதாது.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். எட்டாம் வகுப்பு. ஊருக்கு ஏதாவது நல்ல காரியம் செய்யவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு ஏற்பாடு. ஒரு கூட்டம் நூலகத்து வேலிக்குப் பெயிண்ட் அடிக்கப் போனது. இந்த ஐந்து பேர் கோட்டா பண்ணைக்கு வந்தார்கள். கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வந்தவர்களின் கையில் தெல்ஃபீன் முதல் நாளே சாணி மண்வெட்டியைக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் விடாமல் வந்தார்கள். அதில் பிரென்னா லகாஸ் என்கிற பெண்ணுக்கு வாய் மூடவே மூடாது. வயட் என்கிற பையன் ஆள் கனம், பேச்சு கிடையாது. கூட வருகிற பெர்லி வாத்தியாருக்கு எதைப் பார்த்தாலும் பயம்.

இன்றைக்கு வேலை வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று நார்ம் சொன்னான். விழுந்து கிடக்கிற மாட்டைப் பிள்ளைகள் பார்க்கவேண்டாம் என்று அவன் நினைப்பு. தெல்ஃபீன் வழியை மறித்து நின்றாள். எனக்குக் கை வேணும், இவங்க இருக்கட்டும் என்றாள்.

மாட்டின் காலை வயிற்றுக்கு அடியில் மடக்கி, ஒருத்தர் கழுத்துக் கயிற்றைப் பிடிக்க, மற்றவர்கள் தோளுக்கும் இடுப்புக்கும் முதுகைக் கொடுத்து ஒரே மூச்சில் தள்ளவேண்டும். முதல் தடவை மாடு அசையவில்லை. இரண்டாவது தடவை ஒரு பெருமூச்சு விட்டுப் புரண்டாள். அவள் கிடந்த இடத்தில் வைக்கோல் அடுப்புச் சாம்பல் மாதிரி சுட்டது. பிரென்னா அதில் கையை வைத்தாள். அப்படியே வைத்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்ளோ சூடா ஒரு உசுரு இருக்குமா, மிஸஸ் கோட்டா?" என்றாள். அன்றைக்கு அவள் அதற்குமேல் பேசவில்லை. பெர்லி வாத்தியார், உடம்பு சரியில்லையா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தினமும் வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் புரட்டினார்கள், இருட்டுமுன் இன்னொரு தரம் புரட்டிவிட்டுப் போனார்கள். தெல்ஃபீன் கிடந்த மாட்டின் மடியில் குனிந்து கையாலேயே சீம்பால் கறந்து கன்றுக்குக் கொடுத்தாள். லூசில் தின்றாள், குடித்தாள், அசை போட்டாள். எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்றாள். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி ஒரு முக்கு முக்குவாள். பின்பக்கம் அவளுடையதே இல்லை என்பது போலக் கிடக்கும்.

வெள்ளிக்கிழமை நார்ம் வீட்டிலிருந்து துப்பாக்கியைக் கொண்டுவந்து பால் அறைக் கதவுக்குப் பின்னால் சாத்தினான். தெல்ஃபீன் அதைப் பார்த்தாள். பார்த்ததை அவனும் பார்த்தான்.

"நாளைக்கு வெந்நீர்த் தொட்டி கொண்டாறேன்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க" என்றாள்.

"தெரியும்."

"அதுவரைக்கும் நீ..."

"அதுவரைக்கும் தொடமாட்டேன். ஆனா அதுலயும் நிக்கலேன்னா, அப்புறம் அவளப் போட்டு வதைக்காத, தெல். அவ கண்ணப் பாரு. போதும்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளுக்குள் அவள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். லூசில் போனால் எல்லா மாடுகளும் போகட்டும். ஒரு துண்டு ஆப்பிள் பைக்காக ஈனும் மாட்டை மறந்தவள் இனி எந்த மாட்டின் மடியிலும் கை வைக்கக்கூடாது. தொழுவத்தைக் கழுவிப் பூட்டிவிட்டு, டவுனில் ஏதாவது கடையில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கலாம். இதை அவள் நார்மிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் சரி என்றுவிடுவானோ என்று பயந்தாள்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல், ரோடு உறைந்து கெட்டியாக இருக்கும்போதே, டாக்டரம்மா வண்டிக்குப் பின்னால் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். தொட்டி என்றால் பெரிய பெட்டி. இரண்டு முனையிலும் கதவு. மாட்டைப் பாயோடு உள்ளே இழுத்து, கதவுகளை இறுக்கி, மாட்டின் முதுகு மட்டத்துக்கு வெந்நீர் நிரப்பவேண்டும். மாடு மிதக்கும். மிதந்தால் கால் தானாகத் தொங்கும், தொங்கினால் ஊன்றப் பார்க்கும். அவ்வளவுதான் வைத்தியம். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும், குளிர்ந்தால் நடுங்கிச் செத்துப்போவாள், சீக்கிரம் நிரப்புங்கள் என்று சொல்லிவிட்டு, வேறொரு பண்ணையில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது என்று போன் வரவும், சாயங்காலம் வருகிறேன் என்று அவர் ஓடினார்.

பிள்ளைகள் வந்து, எல்லோருமாக லூசிலைப் பெட்டிக்குள் இழுத்தாயிற்று. பால் அறை வெந்நீர்க் குழாயில் ஹோஸை மாட்டித் திறந்தார்கள். பெட்டியில் கணுக்கால் அளவு ஏறியதும் குழாயில் வருவது வெதுவெதுப்பாகி, அப்புறம் சில்லென்று ஆகிவிட்டது. வெந்நீர் பாய்லர் அவ்வளவுதான். மறுபடி சூடேற அது பாட்டுக்கு நேரம் எடுக்கும். பெட்டிக்குள் லூசில் நடுங்க ஆரம்பித்தாள். பெர்லி வாத்தியார் தன் கோட்டைக் கழற்றி அவள் முதுகில் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கோட்டு அது.

தொழுவத்துக் கதவு வழியாக எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் போனது. வயலுக்கு அந்தப் பக்கம் வெண்டல் ஹேசன் மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகை. கூரைக்கு மேல் வெள்ளையாக ஆவி கிளம்பி மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கொட்டகைக்குள் இரண்டு ஆள் நீளத்துக்குக் கொப்பரை கொதிக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். 

"நான் போய்க் கேக்கறேன்" என்றான் நார்ம்.

"வேண்டாம். பேசினது நான்" என்றாள் தெல்ஃபீன்.

வெயில் ஏறி ரோடு குழம்பாகியிருந்தது. அவள் வயலில் இறங்கிப் பனியின் மேல் நடந்தாள். கொட்டகைக்குள் ஆவியில் ஆள் முகம் தெரியவில்லை. மேப்பிள் சாறு கொதிக்கிற இனிப்பு வாசனை தொண்டை வரை இறங்கியது. நுரை பொங்கி விளிம்புக்கு வந்தபோது ஒரு கை நீண்டு ஒரு சொட்டுப் பாலாடையை விட்டது. நுரை அப்படியே படுத்துவிட்டது. அந்தக் கை வெண்டலுடையது.

"படகு வாங்கியாச்சா?" என்றார்.

அவளுக்கு முகம் சுட்டது. 

"வெண்டல், எனக்கு உங்க கொப்பரை வேணும். வெந்நீர் போட. மாட்டத் தொட்டியில இறக்கியாச்சு, பாய்லர் கைய விரிச்சிருச்சு."

"இன்னிக்கா கேக்கறீங்க? ராத்திரி பனி, பகல் வெயில்னு மரமெல்லாம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. இந்த வருஷத்துலயே இன்னிக்குத்தான் ஓட்டம். அடுப்ப நிறுத்தினா சாறு வழிஞ்சு ஓடைக்குத்தான் போகும்."

"தெரியும்."

"எந்த மாடு?"

"லூசில்."

அவர் கொப்பரையைப் பார்த்தார்.  "நெத்தியில வெள்ளையா இருக்குமே, வேலிக்கு மேல தலைய நீட்டி என் தொப்பியத் தின்னுச்சே, அதுவா?"

"அதேதான்."

வெண்டல் குனிந்து குழாயைத் திறந்தார். பாதி காய்ந்த பாகு கேன்களுக்குள் இறங்கியது. சாறு வருகிற குழாயை மூடினார். கிணற்று ஹோஸை எடுத்துக் கொப்பரையில் விட்டார். அடுப்பு வாயில் இன்னும் நாலு கட்டையைச் சொருகினார். வெளியே சேமிப்புத் தொட்டி விளிம்பு தட்டி, சாறு பனியின் மேல் வழிய ஆரம்பித்தது. கண்ணாடி மாதிரித் தெளிவான சாறு. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.  ஊரே சிரிக்கத் தான் கேலி செய்த மனுஷன் முன்னால் தெல்ஃபீன் நன்றி என்ற சொல்லைக்கூடத் தேடி எடுக்க முடியாமல் நின்றாள்.

"நின்னு வேடிக்கை பாக்காதீங்க, தாயே" என்றார் வெண்டல். "பிள்ளைங்களப் பால் கேனோட வரச்சொல்லுங்க. வயல் வழியா வரட்டும். ரோட்டுல இறங்கவேண்டாம். அத எவன் பாக்கறானோ, சேறாக் கெடக்கு."

பிள்ளைகள் பனிச்சறுக்குப் பலகைகளோடு வந்தார்கள். பழைய தகரப் பால் கேன்களில் கொதிநீரை ஊற்றி, மூடியை அறைந்து, பலகையில் கயிறு போட்டுக் கட்டினார்கள். இரண்டு பேர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னால் கயிற்றைப் பிடித்து இறக்கத்தில் நிதானிக்கவேண்டும், ஓடினால் அத்தோடு வேலை காலி என்று பெர்லி வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனுஷனுக்கு இருந்த பயம் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. ஒருவருக்கும் ஒரு சொட்டுத் தெறிக்கவில்லை. வெள்ளை வயலில் பலகைகள் போவதும் வருவதுமாக, கேன் மூடிகளிலிருந்து ஆவி பறக்க, பிள்ளைகள் கத்தாமல் சிரிக்காமல் கோயிலுக்குள் போகிறவர்கள் போல நடந்தார்கள்.

நார்ம் ஒரு கையில் பச்சைத் தண்ணீர் ஹோஸும் மறுகையில் கேனுமாக விளாவினான். தெல்ஃபீன் முழங்கையை விட்டுப் பார்த்து, இன்னும் ஊத்து, போதும், ஊத்து என்றாள். பிரென்னா ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று லூசிலின் தலையைத் தன் மார்போடு தூக்கிப் பிடித்திருந்தாள். பள்ளிக்கூடத்துக் கதை, அவள் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடக்கிற சண்டை, எல்லாவற்றையும் மாட்டின் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாடு காதை ஆட்டிக் கேட்டது. கொப்பரையில் ஒட்டியிருந்த பாகெல்லாம் தண்ணீரில் கரைந்து வந்ததால் தொழுவமே இனிப்பாக மணத்தது. லூசில் நாக்கை நீட்டித் தண்ணீரை நக்கினாள். மறுபடி நக்கினாள்.

தண்ணீர் விலா வரை ஏறியது. நடுக்கம் நின்றது. பழுப்பு முடியெல்லாம் நீரில் எழுந்து மெதுவாக அலைந்தது. பிறகு ஒரு கேன் ஊற்றினார்கள், இன்னொரு கேன் ஊற்றினார்கள். யாரும் தள்ளவில்லை, யாரும் தூக்கவில்லை. அத்தனை பேர் முதுகு கொடுத்தும் அசைய மாட்டேன் என்ற அந்த உடம்பு, முதலில் இடுப்பு, பிறகு முதுகு என்று தானாக மேலே வந்தது.

தெல்ஃபீன் பிறந்ததிலிருந்து மாடுகளோடு இருக்கிறவள். செத்துப் பிறந்த கன்று மூச்சு விட்டதைப் பார்த்திருக்கிறாள், இடி விழுந்த மாடு எழுந்து நடந்ததைப் பார்த்திருக்கிறாள். ஆனால் இதைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெறும் தண்ணீர். தினமும் தொட்டியில் ஊற்றுவது, தரையைக் கழுவுவது. அதற்குள் இப்படி ஒரு கை இருந்திருக்கிறது. வயட் தலையிலிருந்த தொப்பியை எடுத்துவிட்டான். நார்ம் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, அதை மூடக்கூடத் தோன்றாமல், ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டான். பிரென்னா மட்டும் மாட்டின் காதில் மெதுவாகச் சொன்னாள்.

"நீ மிதக்கற, லூசில். உனக்குத் தெரியுதா? நீ மிதக்கற."

மத்தியானம் முழுக்க அப்படியே விட்டார்கள். சூடு குறையக் குறைய வயலில் பலகைகள் போய்வந்தன. கடைசிக் கேனை வெண்டலே இழுத்துக்கொண்டு வந்தார். கூடவே ஒரு பெட்டி டோனட்டும், ஒரு கிண்ணம் சூடான பாகும், காடியில் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடியும். பிள்ளைகள் டோனட்டைப் பாகில் முக்கித் தின்று, திகட்டியதும் வெள்ளரிக்காயைக் கடித்து, மறுபடி டோனட்டுக்கு வந்தார்கள். வெண்டல் எதையும் தொடவில்லை. பெட்டியின் விளிம்பில் கையை ஊன்றி, தண்ணீருக்குள் நான்கு கால்களும் ஒவ்வொன்றாகத் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வயசுக்கு இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லை என்றார். சாறு எவ்வளவு போனது என்று நார்ம் கேட்டதற்கு, மரம் நாளைக்கும் அங்கேதான் நிற்கும் என்றார்.

வெயில் தொழுவத்துக் கதவை விட்டு இறங்கத் தொடங்கியதும் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. வர நேரமாகும், இனி தண்ணீரை இறக்கிப் பாருங்கள், மெதுவாக, அவள் கனத்தை அவளே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கட்டும் என்றார். நிற்காவிட்டால், என்று தெல்ஃபீன் ஆரம்பித்தாள்.  பால் அறைக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அங்கே இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

நார்ம் அடைப்பானைத் திருகினான். வெதுவெதுப்பான இனிப்புத் தண்ணீர் தொழுவத் தரையில் பரவி, எல்லோருடைய பூட்ஸையும் சுற்றி ஓடியது. முதுகு வெளியே வந்தது. விலா வெளியே வந்தது. வயிற்றைவிட்டுத் தண்ணீர் இறங்கியதும் லூசிலின் தொடைகள் கிடுகிடுவென்று ஆடின. வயட் ஓடிவந்து தோள் கொடுக்கப் பார்த்தான். நார்ம் கையை நீட்டித் தடுத்தான். ஆனால் தெல்ஃபீனை யார் தடுப்பது? பெட்டியின் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக உள்ளே போய், மாட்டின் இடுப்பில் தோளை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் தொடையை அணைத்துக்கொண்டாள். முழங்கால் வரை நனைந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். விழாதடி, விழாதடி என்று வாய்க்குள் சொன்னாள். என் மேல் விழு, தரையில் விழாதே என்றாள். கடைசித் தண்ணீர் குழாயில் களகளவென்று சத்தம் போட்டு அடங்கியது. 

நார்ம் பக்கத்தில் வந்து நின்றான்.

"தெல். கைய எடு."

"விழுந்துருவா."

"கண்ணத் திறந்து பாரு. அவ உன் மேல சாயல."

அவள் கண்ணைத் திறந்தாள். மாட்டின் நான்கு குளம்புகளும் தரையில் பதிந்திருந்தன. தொடையில் நடுக்கம் நின்றிருந்தது.

"எவ்ளோ நேரமா?" என்றாள்.

"தண்ணி இறங்கினதுலேருந்தே அவ தனியாத்தான் நிக்கறா. நீதான் அவ மேல சாஞ்சுக்கிட்டிருக்க" என்றான் நார்ம். பிறகு, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாக, அவள் தோளில் கை வைத்தான். "நானும் அன்னிக்கு வேலை முடிஞ்சும் டவுன்ல உக்காந்து காப்பி குடிச்சுட்டுத்தான் வந்தேன். வா வெளியே."

தெல்ஃபீன் ஒரு கையை எடுத்தாள். பிறகு மறுகையை எடுத்தாள். கடைசியில் தோளையும் எடுத்துக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றாள். லூசில் நின்றாள்.